கற்றல் விளைவுக்கு ஏற்ற வகுப்புத் தேர்வு: ஆசிரியர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது?

ஆசிரியர் பயிற்றுநர், சாக்கோட்டை ஒன்றியம்

வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் 6, 7 வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். 2017இல் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம்) வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகளை, அதாவது அந்த வகுப்பை முடிக்கும் பிள்ளை என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலை, வெளியிட்டது. 2018-19 முதல் நம் பாடநூல்களும் மாறிவிட்டன. பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவை எழுதாத ஆசிரியர் இன்று யாருமில்லை. ஆனால் வகுப்புத் தேர்வு என்று வந்துவிட்டால் பாடநூல் பயிற்சிக் கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கேட்பதும், வழிகாட்டி நூலில் இருப்பதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போடுவதும்தான் நடக்கின்றன. திருத்தியதும் கையில் மிஞ்சுவது "25க்கு 14" என்ற ஓர் எண். அந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பது அந்த 14இல் இல்லை.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். கற்றல் விளைவுக்குப் பொருந்தும் வினாவை ஆசிரியரே எழுத எப்படிப் பழக்குவது? திருத்திய பிறகு அடுத்த வகுப்பில் என்ன செய்யச் சொல்வது? குறுவள மையக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) இதைச் சொற்பொழிவாக இல்லாமல் வேலையாக எப்படி நடத்துவது? ஒரே அறையில் இரண்டு வகுப்பு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கணக்கு பட்டதாரி ஆசிரியர், புதுவயல்

சார், முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது சரியானால் மற்றவற்றில் பாதி தானே வந்துவிடும்.

6ஆம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் சுற்றளவும் பரப்பளவும் வருகிறது. அதற்கான கற்றல் விளைவின் சாரம் இதுதான்: வகுப்பறைத் தரை, சாக்பீஸ் பெட்டியின் பக்கங்கள் போலச் சுற்றிலும் உள்ள செவ்வகப் பொருள்களின் சுற்றளவையும் பரப்பளவையும் காண்பது. இப்போது வழக்கமாகக் கேட்கும் வினாவைப் பாருங்கள்: "4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் பரப்பளவு என்ன?" விடை 16. சுற்றளவும் 16 தான்! நான்கு பக்கத்தையும் கூட்டிய பிள்ளையும் 16 எழுதும், பெருக்கிய பிள்ளையும் 16 எழுதும். இருவருக்கும் முழு மதிப்பெண். 6, 3 பக்கமுள்ள செவ்வகத்திலும் இதே கதைதான், இரண்டுமே 18. இந்த எண்கள் அழகாக வகுபடுகின்றன என்பதற்காகவே அடிக்கடி வினாத்தாளில் வந்துவிடுகின்றன. 7, 3 என்று கொடுத்தால் சுற்றளவு 20, பரப்பளவு 21. 20 எழுதிய பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

ஆகவே வினா எழுதும்போது விடையை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. பிள்ளைகள் செய்யக்கூடிய ஒவ்வொரு தவறுக்கும் என்ன விடை வரும் என்று ஆசிரியர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தவறுகளுக்கு ஒரே விடை வந்தாலும், தவறான வழியில் போய்ச் சரியான விடை வந்தாலும் எண்ணை மாற்றியே ஆக வேண்டும்.

நம் ஊருக்கு ஏற்ற வினா ஒன்று. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறைக்கு 20 செ.மீ. பக்கமுள்ள சதுர ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ ஓடு) பதிக்க எத்தனை கல் வேண்டும்? நீளவாட்டில் 20 கல், அகலவாட்டில் 15 கல், ஆக 300. இனி தவறுகளைப் பார்ப்போம். 70 என்று எழுதியிருந்தால், 14 மீட்டர் சுற்றளவை எடுத்து 20 செ.மீ.ஆல் வகுத்திருக்கிறது. 3 என்று வந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ. என்பதற்குப் பதிலாக 100 என்று எடுத்துக்கொண்டு 1,200ஐ 400ஆல் வகுத்திருக்கிறது. 60 என்றால் 12ஐ 0.2ஆலோ, அதே அலகுத் தவறோடு 1,200ஐ 20ஆலோ, கல்லின் பரப்பளவுக்குப் பதில் பக்கத்தால் வகுத்திருக்கிறது. இந்த நான்கையும் தெரிவுகளாகக் கொடுத்தால், திருத்தும்போதே ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் குழுவில் சேரும் என்று தெரிந்துவிடும். ஆனால் தெரிவுக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, செய்முறையையும் எழுதச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் குறித்ததா, தானே போட்டதா என்பது அந்த இரண்டு வரியில்தான் தெரியும்.

7ஆம் வகுப்புக்கு இன்னொன்று. 0.38, 0.45 இவற்றில் பெரியது எது என்று கேட்டால், புள்ளியை மறந்து 38, 45 என்று ஒப்பிடும் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். 0.6, 0.45 என்று கேட்டால் அந்தப் பிள்ளை 0.45 என்று சொல்லும். ஆனால் "இலக்கம் குறைந்தால் எண் பெரிது" என்று நினைக்கும் வேறொரு வகைப் பிள்ளை உண்டு. அதற்கு 0.6 சரியாகவே வரும். அதைப் பிடிக்க 0.3, 0.45 என்ற இணையும் வேண்டும். இரண்டு வினாவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இரண்டு வகையும் பிரியும்.

கற்றல் விளைவில் "சுற்றிலும் உள்ள பொருள்" என்று இருக்கிறதே, அதையும் விட்டுவிடக் கூடாது. அளவைக் கொடுத்துக் கணக்கைப் போடச் சொன்னால் பாதிதான் சோதித்ததாக ஆகும். டேப்பைக் கையில் கொடுத்து வகுப்பறைத் தரையையோ மேசையையோ அளக்கச் சொல்லுங்கள். நான்கு பேர் கொண்ட குழு. ஆசிரியர் கவனிக்க வேண்டியவை மூன்றுதான்: டேப்பைப் பூஜ்யத்திலிருந்து வைக்கிறார்களா, அங்குலப் பக்கத்தை விட்டுச் செ.மீ. பக்கத்தைப் படிக்கிறார்களா, மீட்டரையும் செ.மீ.யையும் கலக்காமல் ஒரே அலகில் எழுதுகிறார்களா. 36 பிள்ளைகளை ஒரே நாளில் பார்க்க முடியாது. நாளுக்கு இரண்டு குழு என்றால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். வளரறி மதிப்பீட்டில் (பருவம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) (அ) பகுதிச் செயல்பாடாகவே இதைப் பதிவு செய்துகொள்ளலாம், தனியாக ஒன்றும் நடத்த வேண்டாம்.

தமிழாசிரியை, பள்ளத்தூர்

கல் கணக்கு நன்றாக இருக்கிறது சார், ஆனால் ஒரு எச்சரிக்கை. உள்ளூர்ச் சூழலைக் கொண்டுவருகிறேன் என்று கணக்குக்கு முன்னால் ஐந்து வரிக் கதை எழுதும் பழக்கம் இப்போது பரவிக்கொண்டிருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் வளவு, முகப்பு, பட்டாலை என்று வருணித்து, கடைசியில் எத்தனை கல் என்று கேட்டால், வாசிப்பில் திணறும் பிள்ளை கணக்கிலும் தோற்றுப்போகும். பரப்பளவு தெரியாததால் தோற்றதா, வாசிக்க முடியாததால் தோற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கு வினா இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது, பக்கத்தில் அளவோடு ஒரு படம் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வினாவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டிய பிறகு சரியாகப் போட்டால் குறை வாசிப்பில்தான்.

தமிழ்ப் பாடத்திலும் இதே கோளாறு வேறு உருவத்தில் இருக்கிறது. "வாசித்துப் பொருள் உணர்தல்" என்பது கற்றல் விளைவு. தேர்வில் பாடநூல் பத்தியையே கொடுத்துக் கேள்வி கேட்கிறோம். மூன்று முறை வகுப்பில் படித்த பத்தி அது. பிள்ளை வாசிக்காமலே விடை எழுதும். இது நினைவாற்றலைச் சோதிப்பதே தவிர வாசிப்பை அன்று. பிள்ளை அதுவரை பார்க்காத பத்தி வேண்டும், 80 முதல் 100 சொல் போதும். பேருந்து நிலைய அறிவிப்பு, ஊராட்சித் தண்ணீர் அறிவிப்பு, கண்டாங்கிச் சேலையைத் துவைக்கும் முறை, ஓலைக் கொட்டான் பின்னும் முறை இப்படி எதுவும் ஆகும். நான்கு வினா போதும்: ஒன்று பத்தியில் நேராக இருக்கும் விடை, ஒன்று இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை, ஒன்று சொல்லப்படாமல் உணர வேண்டியது, ஒன்று காரணத்தோடு சொந்தக் கருத்து. முதலாவது வந்து மூன்றாவது வராத பிள்ளைக்கு இன்னும் ஒரு பத்தி வாசிக்கக் கொடுத்துப் பயனில்லை. "ஏன் அப்படி நினைக்கிறாய், எந்த வரி உனக்குச் சொன்னது?" என்று கேட்டுப் பேச வைக்க வேண்டும்.

இதில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பிழையைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சோதிப்பது வாசிப்பை.

இடைநிலை ஆசிரியர், தேவகோட்டை

தொடக்க வகுப்புகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் வந்தது முதல் 1 முதல் 3 வரை பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்கம்), மொட்டு (இடை), மலர் (மேல்) என்று பிரித்துப் பழகிவிட்டோம். 2023-24இல் 4, 5க்கும் வந்தது. சிக்கல் எங்கே என்றால், ஒருமுறை அரும்பு என்று போட்ட பிள்ளை பருவம் முழுக்க அரும்பாகவே உட்கார்ந்துவிடுகிறது. நிலை என்பது அந்தந்தத் திறனுக்கு அன்றன்று இருக்கும் நிலைதான். கழித்தலில் அரும்பாக இருக்கும் பிள்ளை, வாசிப்பில் மலராக இருக்கலாம்.

சொல்வதெழுதுதலை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த பத்துச் சொல்லைச் சொல்லி "10க்கு 4" என்று போட்டால் ஒன்றும் தெரியாது. சொற்களை வகைப்படுத்தி எடுங்கள். குறில் நெடிலுக்குப் பல், பால், கொடி, கோடி. ஒற்றுக்குப் படம், பட்டம். லகர ளகர ழகரத்துக்குக் கலை, களை, கழை. எழுதிய தாளை வகைவாரியாகப் பார்த்தால், நான்கு சரி வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொம்பும் காலும் வரவில்லை, மற்றொன்றுக்கு ஒற்று விடுபடுகிறது என்று தெரியும். இரண்டுக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் ஒன்றுக்குக்கூடப் பயனிருக்காது.

இங்கே தவறு ஆசிரியர் பக்கமும் வரலாம். ழகரத்தை ளகரமாகச் சொன்னால் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதும். ந, ன இரண்டும் ஒலியில் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் காதால் சோதிக்கவே முடியாது. சொல்லின் முதலில் நகரம்தான் வரும் என்ற விதியைச் சொல்லிக்கொடுத்து, எழுதிய சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் சோதிக்க வேண்டும்.

வாசிப்பு வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணுவது நம் மொழியில் அப்படியே செல்லாது. "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரு சொல், "பூ" என்பதும் ஒரு சொல். வேகத்தை அளப்பதானால், வகுப்பு முழுவதற்கும் ஒரே பத்தியை வைத்து, அதே அளவுச் சொல்லமைப்புள்ள வேறொரு பத்தியோடு அடுத்த மாதம் ஒப்பிடுங்கள். வாசித்ததும் இரண்டு கேள்வி கேட்காமல் விடாதீர்கள். கடகடவென்று வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்று தெரியாத பிள்ளைகள் நிறைய உண்டு.

ஆசிரியர் பயிற்றுநர், சாக்கோட்டை ஒன்றியம்

மிக்க நன்றி. வினா எழுதும் வழி தெளிவாகிவிட்டது. இனி வரும் எதிர்ப்பைச் சொல்கிறேன். "ஏற்கெனவே வளரறி (அ), (ஆ), தொகுத்தறி (பருவ இறுதித் தேர்வு) என்று மூன்று பதிவு இருக்கிறது, இது நான்காவதா?" என்று கேட்கிறார்கள். பெற்றோருக்கு மதிப்பெண்தான் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், ஆசிரியர் பயிற்சி நிறுவனம்

தம்பி, அவர்கள் கேட்பது நியாயம். நான்காவது பதிவேடு கொண்டுவந்தால் முதல் மாதத்திலேயே இது செத்துவிடும். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பங்கீடே போதும். (அ) பகுதியின் 20ம், (ஆ) பகுதியின் 20ம் எதிலிருந்து வருகின்றன என்பதை மட்டும் மாற்றுங்கள். எளிதாக மதிப்பெண் போடலாம் என்று ஒட்டுப்படம், சார்ட் கேட்பதை விட்டுவிட்டு, மேலே கணக்கு ஆசிரியர் சொன்ன அளத்தலை வையுங்கள். (ஆ) பகுதிச் சிறுதேர்வில் அவர் சொன்னமாதிரி வினாவை வையுங்கள். புதிதாக வேண்டியது நீள நோட்டில் ஒரு பக்கம்தான்: இடப்புறம் பிள்ளைகளின் வரிசை எண், மேலே வினா எண். சரியான விடைக்கு எதுவும் எழுத வேண்டாம். தவறான விடையை மட்டும் அப்படியே எழுதுங்கள், 70 என்றோ 3 என்றோ.

அந்தப் பக்கத்தை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து ஒரு வினாவில் பாதி வகுப்புக்கு மேல் தவறு என்றால் மறுபடி நடத்த வேண்டும். முன்பு நடத்திய மாதிரியே நடத்தக் கூடாது. சூத்திரத்தில் தொடங்கியிருந்தால் இந்த முறை கட்டம் போட்ட தாளில் எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாறு பேருக்கு மட்டும் தவறு என்றால், மற்றவர்கள் பாடநூலின் மேற்சிந்தனைக் கணக்கைப் போடும் நேரத்தில் அவர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்துப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் போதும். இடமிருந்து வலமாகப் பார்க்கும்போது ஒரே பிள்ளைக்கு எல்லாவற்றிலும் தவறு என்றால் குறை இந்தப் பாடத்தில் இல்லை, பின்னால் எங்கோ இருக்கிறது. அதற்குப் பெருக்கல் வாய்பாடு வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பலரும் ஒரு வினாவில் தவறு செய்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே அதிகமாகத் தவறியிருந்தால் வினாவைச் சந்தேகப்படுங்கள். சொல் குழப்பமாக இருக்கும், இல்லையென்றால் இரண்டு விடை சரியாக இருக்கும்.

இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருந்தால் பாடம் முடிய ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரே ஒரு வினா, கால் தாள் சீட்டில். வாங்கியதும் மதிப்பெண் போடாமல் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை. அவ்வளவுதான். மறுநாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று அந்த மூன்றாவது அடுக்கின் உயரமே சொல்லும்.

பெற்றோருக்கு மதிப்பெண் வேண்டும் என்பது பருவ அறிக்கைக்குச் சரி. அன்றாடச் சிறுதேர்வுத் தாளில் மதிப்பெண் போட வேண்டியதில்லை. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், விடைத்தாளில் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துத் தந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிப்பதில்லை. குறிப்பு என்றால் "நன்று", "இன்னும் முயற்சி செய்" அல்ல. "ஓரத்தை அளந்திருக்கிறாய், உள்ளே உள்ள இடத்தைக் கேட்டிருக்கிறேன், கட்டம் போட்டுப் பார்" என்று பிள்ளை அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்வது. 36 தாளிலும் எழுத வேண்டாம். தவறு மூன்று வகைதான் இருக்கும். மூன்று குறிப்பைக் கரும்பலகையில் அ, ஆ, இ என்று எழுதிவிட்டுத் தாளில் எழுத்தை மட்டும் போடுங்கள். அந்தக் குறிப்பின்படி திருத்த வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுக்காவிட்டால் எழுதியது வீண்.

கூட்டத்துக்கு வருவோம். இரண்டு மணி நேரம், ஒரே ஒரு கற்றல் விளைவு, அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து பத்து விடைத்தாளைப் பெயரை மடித்து ஒட்டிக் கொண்டுவர வேண்டும். முன்கூட்டியே எல்லாரும் ஒரே வினாவைக் கொடுத்திருக்க வேண்டும், அது முக்கியம். முதல் அரை மணி கற்றல் விளைவைப் பிரிப்பது: பிள்ளை என்ன செய்ய வேண்டும், எதைக் கொண்டு, எந்தச் சூழலில். அந்த மூன்றில் எதை நம் வினா தொட்டது, எதை விட்டது என்று பேசுங்கள். அடுத்து இருவர் இருவராகத் தாளை மாற்றிக்கொண்டு, மதிப்பெண் போடாமல் தவறின் வகைப்படி அடுக்கட்டும். ஒரே தாளை இருவர் இரு அடுக்கில் வைப்பார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏன் அந்த அடுக்கில் வைத்தோம் என்று அவர்கள் வாதாடுவதில்தான் பயிற்சி இருக்கிறது. கடைசி நாற்பது நிமிடம், அதே கற்றல் விளைவுக்கு ஒரு புது வினாவை இருவர் சேர்ந்து எழுதி, தவறான விடைகளையும் போட்டுப் பார்த்து, பக்கத்து இணையிடம் கொடுத்து விடை போடச் சொல்லட்டும். கையில் வினாவோடுதான் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்த வினாவுக்கு வந்த விடைத்தாள்கள் வரும். இப்படி ஒன்றியம் முழுக்கச் சேரும் வினாக்களைக் கற்றல் விளைவுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் கீழே, வந்த தவறான விடைகளையும் அதன் காரணத்தையும் எழுதுங்கள். விலை கொடுத்து வாங்கும் வினா வங்கி எதிலும் அது இருக்காது.

கணக்கு பட்டதாரி ஆசிரியர், புதுவயல்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குறைதீர் கற்பித்தல் முடிந்ததும் மறுநாளே சோதிக்க வேண்டாம். முந்தைய நாள் கேட்டது காதில் இருக்கும், எல்லாரும் சரியாகப் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் விட்டு, அதே தவறைப் பிடிக்கும் வேறு எண்ணோடு ஒரு வினா கொடுங்கள். 7, 3 கொடுத்திருந்தால் இப்போது 8, 2 கொடுக்கலாம், சுற்றளவு 20, பரப்பளவு 16. 21ஐ விடையாக மனப்பாடம் செய்த பிள்ளை இதில் தெரிந்துவிடும்.

பள்ளத்தூர் டீச்சர் சொன்ன படம் பற்றி: ஆத்தங்குடிக் கல்லைச் சமச்சீர்த்தன்மைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு எழுத்தே வேண்டாம், கல்லின் படம் போதும். சுழலும் இதழ் போட்ட பூக்கல் ஒன்றையும் நேரிதழ்ப் பூக்கல் ஒன்றையும் வரைந்து, சமச்சீர்க் கோடு போடச் சொல்லுங்கள். சுழல் இதழுக்குச் சுழல் சமச்சீர் உண்டு, சமச்சீர்க் கோடு கிடையாது. அதிலும் கோடு போடும் பிள்ளை, கண்ணுக்கு அழகாக இருந்தாலே சமச்சீர்க் கோடு உண்டு என்று நினைக்கிறது. தாளை மடித்துப் பார்க்கச் சொன்னால் தானே கண்டுகொள்ளும். சதுரத்தோடு நின்றுவிடாமல் ஒரு செவ்வகத்தையும் கொடுங்கள். மூலைவிட்டத்தைச் சமச்சீர்க் கோடு என்று சொல்லும் பிள்ளைகள் சதுரத்தில் சரியாகவே இருப்பார்கள், செவ்வகத்தில்தான் பிடிபடுவார்கள்.

ஆசிரியர் பயிற்றுநர், சாக்கோட்டை ஒன்றியம்

அடுத்த கூட்டத்துக்குக் கல் கணக்கையே எடுத்துக்கொள்கிறோம். 4 மீட்டர், 3 மீட்டர் அறை, 20 செ.மீ. கல், பக்கத்தில் படம், இரண்டே வாக்கியம், செய்முறைக்கு இரண்டு வரி இடம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லாப் பள்ளிக்கும் ஒரே தாளை அனுப்பிவிடுகிறேன். தமிழாசிரியர்களுக்கு 100 சொல்லுக்குள் புதிய பத்தி ஒன்று, நான்கு வினா. பள்ளத்தூர் டீச்சர், மூன்றாவது வகை வினாவுக்கு மாதிரி இரண்டை இங்கே போட முடியுமா? அதை எழுதுவதில்தான் எங்கள் ஆசிரியர்கள் அதிகம் திணறுகிறார்கள்.

தமிழாசிரியை, பள்ளத்தூர்

போடுகிறேன் சார். பத்தியில் "பாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, முற்றத்தில் காயவைத்த வடகத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்" என்று மட்டும் இருக்கட்டும். வினா: "வானம் எப்படி இருந்திருக்கும்? எதை வைத்துச் சொல்கிறாய்?" மழை என்ற சொல் பத்தியில் எங்குமே வரக் கூடாது. வந்துவிட்டால் அது முதல் வகை வினாவாகிவிடும்.

இன்னொன்று: "கடைசிப் பேருந்து 9 மணிக்கு. மாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார். கடையின் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்." வினா: "மாணிக்கம் என்ன செய்யப் போகிறார்? எந்த இரண்டு செயல் அதைச் சொல்கிறது?" விடையில் ஊருக்குக் கிளம்புகிறார் என்று மட்டும் எழுதினால் பாதி, பையையும் கதவையும் சுட்டினால் முழுவதும். இந்தப் பங்கீட்டைத் திருத்தும் குறிப்பில் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு விதமாகத் திருத்தி வருவார்கள், அடுக்கிப் பார்க்க முடியாது.